21 கிலோமீட்டர் ஓடினேன், எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடியது: தண்ணீரா, உப்பா, எது பிழை?

பெசன்ட்நகர்_ஆமை (திங்கள், இரவு 9.40)

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஓடுகிறேன். வேகம் எப்படி என்பதைப் பெயரே சொல்லிவிடும். வயது 43.

நேற்று அரை மாரத்தான் ஓடினேன், 2 மணி 50 நிமிடம். நம் கடற்கரையின் ஈரக்காற்றில் நீர் வற்றி விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தில், தண்ணீர் கொடுக்கும் இடம் ஒன்றைக்கூட விடுவதில்லை, நின்று இரண்டு கோப்பையாவது குடிப்பது என்று முடிவு செய்திருந்தேன். முந்தைய நாள் மாலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு.

15ஆவது கிலோமீட்டரில் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்குவது எனக்கே கேட்டது. 18இல் குமட்டல். முடித்தபோது தலை பிளந்தது, விரல்கள் வீங்கிக் கல்யாண மோதிரம் கழற்ற முடியாமல் இறுகிவிட்டது. முதலுதவிக் கூடாரத்தில் இருந்தவர் என்னைப் பார்த்ததும், "நீர் வற்றிவிட்டது, இதைக் குடியுங்கள்" என்று ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்தார். குடித்தேன். பத்தாவது நிமிடம் வாந்தி. மைத்துனர் காரில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

இரத்தத்தில் சோடியம் 128. எடை 73.2 கிலோ. காலையில் கிளம்பும்போது சரியாக 72. மூன்று மணி நேரம் வியர்வை ஊற்ற ஓடியவனுக்கு எடை எப்படிக் கூடும்? ஓர் இரவு படுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். "இனிமேல் அளவாகக் குடியுங்கள்" என்றார் மருத்துவர். அந்த அளவு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. மார்ச்சில் 30 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மனைவிக்கு இன்னும் தெரியாது.

---

பழைய_கபடி (திங்கள், இரவு 10.05)

தம்பி, எங்கள் காலத்தில் ஆட்டத்தின் நடுவே தண்ணீரே கிடையாது. வாய் கொப்புளித்துத் துப்பிவிட வேண்டும். விழுங்குவதைப் பார்த்தால் வாத்தியார் முதுகில் ஒன்று வைப்பார். நாங்கள் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்? இந்தப் பாட்டில் வியாபாரம் வந்தபிறகுதான் இத்தனை நோயும்.

---

தாதி_மட்டக்களப்பு (திங்கள், இரவு 10.50)

ஆமை அண்ணா, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். உங்களுக்கு வந்ததன் பெயர் சோடியக் குறைவு. உப்பில் இருக்கும் சோடியம் இரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தம் நீர்த்துவிடும். உப்பு காணாமல் போவதைவிட, இருக்கும் உப்பு கரைந்து மெலிந்துபோவதுதான் பெரும்பாலும் நடப்பது. அந்த நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். விரல் வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை வீங்கினால் விரிவதற்கு அதைச் சுற்றி இடமில்லை. தலைவலியும் வாந்தியும் அதன் முதல் அறிகுறிகள். அடுத்தது குழப்பம், வலிப்பு. நீங்கள் தப்பியது நல்லகாலம்.

வழக்கமாக நிறையக் குடித்தால் சிறுநீராகப் போய்விடும். நீண்ட ஓட்டத்தின்போது உடல் நீரைப் பிடித்து வைக்கும் சுரப்பைக் கூட்டிவிடுகிறது. வாசல் மூடியிருக்கும்போது வீட்டுக்குள் தண்ணீர் விட்டதுபோல.

இது புதிய விஷயமும் அல்ல. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே, அதாவது உயிருக்கே ஆபத்தான அளவு. ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும்தான் அதிகம் வந்தது. மெதுவாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரம் நிறைய, வியர்வையோ குறைவு. (பெயருக்காகச் சொல்லவில்லை, அண்ணா.)

ஒன்று கேட்க வேண்டும். அன்று காலையில் வலி மாத்திரை ஏதும் போட்டீர்களா?

---

பெசன்ட்நகர்_ஆமை (திங்கள், இரவு 11.10)

முழங்கால் வலிக்காக ஒன்று போட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா?

---

தாதி_மட்டக்களப்பு (செவ்வாய், காலை 6.15)

இருக்கிறது. ஐபுபுரோபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், நீரை வெளியேற்றும் வேலையையும் தடுக்கும். நீண்ட ஓட்டத்துக்கு முன் அதைப் போடவே கூடாது. வலி இருந்தால் ஓடாமல் இருப்பதுதான் மருந்து. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

கொங்கு_பயிற்சியாளர் (செவ்வாய், காலை 8.30)

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பவன். "எவ்வளவு குடிக்க வேண்டும்" என்று யார் கேட்டாலும் நான் எண் சொல்வதில்லை, எடை பார்க்கும் இயந்திரத்தைத்தான் காட்டுவேன்.

அடுத்த ஞாயிறு இதைச் செய்யுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, உடை இல்லாமல் எடை பாருங்கள். பந்தயத்தன்று ஓடும் அதே வேகத்தில், அதே நேரத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். நடுவில் குடிப்பதை அளந்து குடியுங்கள். திரும்பியதும் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி உடை இல்லாமல் எடை பாருங்கள். ஈரத் துணியோடு ஏறி நின்று எண் சொல்கிற பையன்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, ஒரு பனியன் கால் கிலோ வியர்வையைப் பிடித்து வைத்திருக்கும்.

கிளம்பும்போது 72.0, வந்தபின் 71.3, குடித்தது 400 மில்லி என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 700 கிராம், அதோடு குடித்த 400. ஆக மணிக்கு 1.1 லிட்டர் வியர்வை.

இதை முழுவதும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை, அதுதான் பலரும் செய்யும் தவறு. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு வரை குறைந்தால் பெரிய பாதிப்பு இல்லை. 72 கிலோவுக்கு அது ஏறக்குறைய 1.4 கிலோ. மூன்று மணி நேரத்தில் 3.3 லிட்டர் வியர்த்தால், 1.9 லிட்டர் உள்ளே போனால் போதும். மணிக்கு 600 மில்லிக்குச் சற்று மேல். நீங்கள் அன்று எவ்வளவு குடித்தீர்கள் என்று இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் அது எப்போதும் தவறுதான். அதற்கு விதிவிலக்கு கிடையாது.

---

பெசன்ட்நகர்_ஆமை (செவ்வாய், காலை 9.05)

ஒன்பது இடங்கள், இரண்டிரண்டு கோப்பை, கோப்பைக்கு 170 மில்லி என்று வைத்தாலும் 3 லிட்டர். கூடாரத்தில் ஒன்று. ஆக நான்கு. அலுவலகத்தில் உட்கார்ந்து இதைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

---

பழைய_கபடி (செவ்வாய், காலை 10.20)

பார்த்தீர்களா? தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நான் சொன்னது சரியாகப் போயிற்று.

---

கொங்கு_பயிற்சியாளர் (செவ்வாய், பகல் 1.15)

ஐயா, உங்கள் வாத்தியாருடைய கொள்கையை ஒலிம்பிக்கிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1904, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். ஆகஸ்ட் மாதம், வெயில் 32 டிகிரி, மண் சாலை, முன்னே போன கார்கள் கிளப்பிய புழுதி. நீர் வற்றினால் உடல் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசையில், தண்ணீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே குறைத்துவிட்டார்கள். 32 பேர் ஓடத் தொடங்கி 14 பேர்தான் முடித்தார்கள். முதலாவதாக வந்த தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது, உடன் வந்தவர்கள் கொடுத்தது முட்டை வெள்ளைக்கருவில் கலந்த எட்டிச் சத்து. பிறகு பிராந்தி. எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு! பிதற்றிக்கொண்டே 3 மணி 28 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். பிழைத்தது அவருடைய ஆயுள் கெட்டி என்பதால்.

அது ஒரு கோடி, ஆமை செய்தது மறு கோடி. தாகம் எடுத்தால் குடிப்பது, எடை பார்த்துச் சரி செய்துகொள்வது. என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

---

தென்னந்தோப்பு (செவ்வாய், மாலை 6.40)

தண்ணீர் தண்ணீர் என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? ஓடி முடித்ததும் இரண்டு இளநீர். முடிந்தது கதை. உப்பு, சத்து எல்லாம் இயற்கையாகவே அதில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் நாலு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவன் சொல்கிறேன்.

---

தாதி_மட்டக்களப்பு (செவ்வாய், இரவு 8.00)

எங்கள் ஊரில் செவ்விளநீர். எனக்கும் அதன் மேல் பிரியம்தான். ஆனால் அதில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் முதன்மையாகப் போவது சோடியம். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகலாம், ஆளுக்கு ஆள் அதில் பாதியாகவோ இரு மடங்காகவோ இருக்கும். கறுப்புப் பனியனில் வெள்ளைக் கோடு படிகிறவர் அதிகம் இழக்கிறவர். இளநீரில் சோடியம் காய்க்குக் காய் மாறும், பெரும்பாலும் அந்த அளவுக்கு எட்டாது. ஆகவே குடியுங்கள், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

---

தென்னந்தோப்பு (செவ்வாய், இரவு 8.20)

இளநீரில் உப்பா? என் தாத்தா கேட்டால் அரிவாளை எடுப்பார்.

---

சிங்கை_ஓடி (செவ்வாய், இரவு 10.30)

இங்கே சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சென்னையின் மார்கழி அல்லாத மாதம்தான். ஆறு மாரத்தான் ஓடியவன் என்ற முறையில், எல்லோரும் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறேன்: சாப்பாடு. தசையிலும் ஈரலிலும் சேர்ந்து ஏறக்குறைய 500 கிராம் மாவுச்சத்துதான் இருப்பு. 30 கிலோமீட்டருக்கு அருகில் கால் திடீரென்று மரக்கட்டையாவது இந்த இருப்பு தீர்வதால்தான். அப்போது தண்ணீரை ஊற்றிப் பயனில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டமென்றால் எதுவும் வேண்டாம். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை. கடையில் விற்கும் சர்க்கரைப் பசை (ஜெல்) பொட்டலம் ஒன்று 25 கிராம் அளவில் இருக்கும், விலை கண்ணைக் கட்டும். நான் பாதி ஓட்டத்துக்கு வெல்லத்தைத்தான் நம்புகிறேன். பாக்கு அளவு உருண்டை, 10 கிராம், ஓட்டத்துக்கு முந்தைய இரவு பொட்டலம் கட்டி வைத்துக்கொள்வேன். வெல்லத்தின் பெரும்பகுதி சாதாரணச் சர்க்கரைதான், அதாவது பாதி குளூக்கோஸ், பாதி பிரக்டோஸ். இவ்விரண்டையும் குடல் வெவ்வேறு வாசல் வழியாக உறிஞ்சும். குளூக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராமோடு நெரிசலாகிவிடும், இரண்டும் கலந்தால் 90 வரை போகலாம். அது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் பழகிய வயிறுகளுக்கு.

பழகிய வயிறு என்று சொன்னதைக் கவனியுங்கள். என் முதல் மாரத்தானில், அதுவரை ஓடும்போது வாயில் போட்டே பார்க்காத கடலைமிட்டாயைப் பந்தயத்தன்று தின்றேன். வேர்க்கடலையின் கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் இரைப்பையை விட்டு இறங்காது. 28ஆவது கிலோமீட்டரில் நான் ஓடிய திசை பந்தயத் திசை அல்ல, கழிப்பறைத் திசை.

---

மாலைநடை_62 (புதன், காலை 7.00)

நான் தினமும் மாலை 45 நிமிடம் நடப்பவன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நீங்கள் எல்லோரும் உப்பு உப்பு என்கிறீர்கள். நானும் மோரில் கூடுதலாக உப்புப் போட்டுக்கொள்ளலாமா?

---

தாதி_மட்டக்களப்பு (புதன், காலை 7.25)

வேண்டாம் ஐயா. இங்கே பேசியது மணிக்கணக்கில் ஓடி லிட்டர் கணக்கில் வியர்ப்பவர்களுக்கு. 45 நிமிட நடைக்குச் சாதாரணத் தண்ணீர் போதும், உப்பு உங்கள் சாப்பாட்டிலேயே தேவைக்கு மேல் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழ். நீரை வெளியேற்றும் மாத்திரை அதில் இருந்தால் வெயில் காலத்தில் எப்படி நடப்பது என்று உங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

---

மலர்_பத்துகிலோமீட்டர் (புதன், காலை 11.45)

ஓடி முடித்தபின் என்ன சாப்பிடுவது என்பதையும் யாராவது பேசுங்கள். நான் பயிற்சிக்குப் போகும் இடத்தில், முப்பது நிமிடத்துக்குள் புரதப் பொடி உள்ளே போகாவிட்டால் ஓடியதே வீண் என்று பயமுறுத்துகிறார்கள். ஒரு டப்பா என் அரை மாத மளிகைச் செலவு. நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன்.

---

கொங்கு_பயிற்சியாளர் (புதன், பகல் 2.10)

சகோதரி, முப்பது நிமிடக் கதவு என்பது விற்பவர்கள் கட்டிய கதவு. நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். கணக்கு. தொடர்ந்து ஓடுகிறவருக்கு 1.2க்கு மேல் தேவைப்படும். நீங்கள் 55 கிலோ என்றால் 66 கிராம். அதை நாலு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நம் சமையலறையில் தட்டுப்பாடு இல்லை. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6 முதல் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8 அல்லது 9, 30 கிராம் வேர்க்கடலை 7. சோயா உருண்டை உலர்ந்த எடையில் பாதி புரதமே. ஓடி வந்து இரண்டு இட்லியும் சட்னியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, புரதம் ஆயிற்று என்று நினைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பிழை. இரண்டு இட்லியில் 4 கிராம் தேறினால் அதிகம். பக்கத்தில் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் வைத்துப் பாருங்கள், பொடி தேவைப்படாது.

2024இல் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடல் பெருக்கப் புரதப் பொடி வேண்டாம் என்றுதான் சொல்கிறது. என் கருத்து அவ்வளவு கடுமையில்லை. விடுதியில் தங்கி, நினைத்ததைச் சாப்பிட வழியில்லாத பிள்ளைக்குப் பொடி ஒரு வசதி. அதற்கு மேல் அதில் மாயம் இல்லை.

---

தாதி_மட்டக்களப்பு (புதன், மாலை 4.30)

மலர் தங்கச்சி, பொடிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் இரத்தத்தில் ஹீமோகுளோபினும், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் அதை ஓட்டத்தின் களைப்பு என்று நினைத்து, எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், இரும்புச்சத்தை அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சையைக் கீரையில் பிழிந்தால், அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

---

பழைய_கபடி (புதன், மாலை 5.15)

இவ்வளவு பேசினீர்கள், பழைய சோற்றை ஒருவரும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து வந்தால் அம்மா மண்சட்டியிலிருந்து நீராகாரத்தை முதலில் ஊற்றிக் கொடுப்பாள், கல் உப்புப் போட்டு. அதன்பிறகு சோறும் தயிரும் சின்ன வெங்காயமும். தண்ணீரே கிடையாது என்று நான் சொன்னேன், ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு போய்விடும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

---

சிங்கை_ஓடி (புதன், மாலை 6.00)

ஐயா, அந்தச் சொம்பில் நீர், உப்பு, மாவுச்சத்து. தயிரில் புரதம். ஓட்டத்துக்குப் பின் என்ன தேவை என்று நூறு பக்கம் எழுதுகிறார்களே, உங்கள் அம்மா அதை வெங்காயத்தோடு கொடுத்திருக்கிறார். நான் இந்த வாரமே சோறு ஊற வைக்கிறேன்.

---

தாதி_மட்டக்களப்பு (புதன், இரவு 9.10)

ஓட்டத்தின்போது உப்பு எப்படி எடுப்பது என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) அப்படியே குடிக்கத் தேவையில்லை, பலருக்கு ஓடும்போது அது கரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பொட்டலத்தில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளூக்கோஸும் இருக்கும். ஓட்டத்துக்கு உப்பு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் சர்க்கரை அதிகமாகவும் இருந்தால் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீர், கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல் உப்பு, நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை தேசிக்காய். உங்கள் ஊரில் எலுமிச்சை. கடைப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதியிருந்ததெல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2025 அக்டோபரில் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை இனிப்புப் பானங்களில் போடக் கூடாது என்று தடுத்த பிறகுதான் பலர் பின்பக்க எழுத்தைப் படிக்கத் தொடங்கினார்கள்.

உப்புச் சேர்த்தாலும் அளவுக்கு மீறிக் குடித்தால் சோடியம் குறையத்தான் செய்யும். உப்பு காப்பீடு இல்லை, அண்ணா.

---

பெசன்ட்நகர்_ஆமை (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.30)

எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்கிறேன்.

முதல் ஞாயிறு: 71.8இல் கிளம்பி 71.2இல் வந்தேன், குடித்தது 350 மில்லி. வியர்வை மணிக்கு 950 மில்லி. இரண்டாவது ஞாயிறு காற்றே இல்லை, 1.15 லிட்டர். ஒரே ஆள், ஒரே சாலை, ஒரு வாரத்தில் 200 மில்லி வித்தியாசம்! பயிற்சியாளர் எண் சொல்ல மறுத்தது ஏன் என்று புரிந்தது.

இன்று 24 கிலோமீட்டர், 3 மணி 12 நிமிடம். தாதி அக்காவின் கரைசல் இரண்டு சிறிய பாட்டில், வழியில் தாகத்துக்கு மூன்று மடக்கு வெறும் தண்ணீர், அரை மணிக்கு ஒருமுறை வெல்ல உருண்டை இரண்டு. மாத்திரை இல்லை. முழங்காலுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தேன். திரும்பியபோது எடை 1.3 கிலோ குறைந்திருந்தது. மோதிரம் சுழன்றது. வந்ததும் நீராகாரம், கபடி ஐயாவின் பெயரைச் சொல்லி. குறைந்ததைப்போல் ஒன்றரை மடங்கை மத்தியானம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லி மனைவி அளவுக் குவளையைக் கையில் கொடுத்திருக்கிறாள். 30 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தது தெரிந்துவிட்டது. அது தனிக் கதை.

ஒரு சந்தேகம் மட்டும். போன வாரம் கரைசலுக்குப் பதிலாக மோரைக் கொண்டுபோனேன். இடுப்புப்பையில் இரண்டு மணி நேரம் குலுங்கி, மூடியைத் திறந்ததும் சட்டை முழுக்கப் பீய்ச்சி அடித்தது. பின்னால் வந்தவர் கண்ணாடியிலும். மோரை எப்படிக் கொண்டுபோவது?

---

தென்னந்தோப்பு (ஞாயிறு, காலை 10.50)

மோரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வழியில் இளநீர் வண்டி நிற்கும். சரி, உப்பும் கொண்டுபோங்கள், தாத்தாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.